கொக்கியால், பித்தப்பையை, பிரி

வயிற்றில் நாலைந்து சிறு துளைகள். ஒன்றின் வழியே கேமரா நுழைகிறது, மற்றவற்றின் வழியே நீண்டு மெலிந்த கருவிகள். கல் அடைத்த பித்தப்பையை இப்படி எடுத்த மருத்துவரிடம் 'என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் நாலு வரியில் சொல்லி முடித்துவிடுவார். ஆபரேஷன் குறிப்பிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருக்கும். இன்னொரு மருத்துவருக்கு அது போதும். கணினிக்குப் போதாது.

அறுவை அரங்கை உற்றுப் பார்த்து எழுதிவைக்கும் ஆசை புதிதல்ல. தொழிற்சாலை வேலைகளைப் படம்பிடித்து ஆராய்ந்த அமெரிக்கர் ஃபிராங்க் கில்பிரெத், 1910-களிலேயே அறுவைசிகிச்சைகளையும் படம்பிடித்தார். கருவியைத் தேடுவதில் மருத்துவரின் நேரம் வீணாவதைக் கண்டு, உதவியாளர் அதை எடுத்துக் கையில் கொடுக்கட்டும் என்றார்.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் ரென் நகரில் பியர் ஜனான், மூளை அறுவைசிகிச்சைகளைப் படிப்படியாகப் பிரித்து முறையான மாதிரிகளாக்க முனைந்தார். ஜெர்மனியின் லைப்சிக்கில் தாமஸ் நாய்முத் குழுவினர் பதிவாளர்களை அரங்குக்குள்ளேயே அனுப்பினார்கள். எந்தக் கை, எந்தக் கருவி, எந்த உறுப்பு, எத்தனை மணிக்கு என்று அவர்கள் கணினியில் குறித்துக்கொண்டார்கள்.

பித்தப்பைக்கு வருவோம். பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகர ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட 'கோலெக்80' தொகுப்பில் 80 ஆபரேஷன் வீடியோக்கள் உண்டு. செய்தவர்கள் 13 மருத்துவர்கள். ஒவ்வொன்றும் ஏழு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டது: ஆயத்தம், பித்தப்பை நாளமும் தமனியும் கிடக்கும் கேலட் முக்கோணத்தைப் பிரித்துத் தெளிவாக்குவது, கிளிப் போட்டு வெட்டுவது, கல்லீரலிலிருந்து பையை உரிப்பது, அதை உறைக்குள் இடுவது, கசிவை நிறுத்திச் சுத்தம் செய்வது, வெளியே எடுப்பது. கடைசி மூன்றும் ஆளுக்கு ஆள் முன்பின் மாறும். அந்த மாறுதலுக்கும் மாதிரியில் இடம் வேண்டும்.

ஆனால் 'உரிப்பது' என்ற ஒரு சொல்லுக்குள் நூறு கையசைவுகள் இருக்கின்றனவே? அதே குழு அடுத்து ஒருபடி இறங்கி, இலக்கணத்தைக் கையில் எடுத்தது. கருவி, வினை, இலக்கு என்ற மூன்று சொற்களில் ஒவ்வொரு அசைவையும் எழுதினார்கள். ஆறு கருவிகள், பத்து வினைகள், பதினைந்து இலக்குகள். அவற்றைச் சேர்த்து அமைந்த நூறு சேர்க்கைகள். தமிழ் படித்தவருக்கு இது பழகிய பாடம். 'கொக்கியால், பித்தப்பையை, பிரி' என்ற சேர்க்கையை எடுத்துக்கொள்வோம். கொக்கியால் என்பது மூன்றாம் வேற்றுமை, பித்தப்பையை என்பது இரண்டாம் வேற்றுமை, பிரி என்பது வினை. எழுவாய் மட்டும் இல்லை. செய்தவர் யார் என்பது இந்த வாக்கியத்துக்குத் தேவைப்படவில்லை.

இதனால் ஆவதென்ன? ஆபரேஷன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கணினி அறிந்தால், இன்னும் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கணிக்கலாம். அடுத்த நோயாளிக்கு எப்போது மயக்க மருந்து கொடுப்பது என்பதும் தெளிவாகும். இதைவிட முக்கியமானது கேலட் முக்கோணம். பித்தப்பை நாளம் என்று நினைத்துப் பொதுப் பித்த நாளத்தை வெட்டிவிடுவதுதான் இந்தச் சிகிச்சையில் மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் பிழை. பித்தப்பைக்குள் இரண்டே குழாய்கள் நுழைவது தெளிவாகத் தெரிந்த பிறகே வெட்ட வேண்டும் என்று 1995-லேயே ஸ்ட்ராஸ்பெர்க் என்ற மருத்துவர் வற்புறுத்தினார். கிளிப் போடும் கட்டம் வரப்போகிறது என்று முன்கூட்டியே உணரும் கணினி, அந்தக் காட்சி கிடைத்துவிட்டதா என்று சோதித்துச் சொல்ல முடியும். ஆய்வாளர்கள் அதை நோக்கித்தான் உழைக்கிறார்கள்.

சிக்கல் சொற்களில்தான். ஒரு மருத்துவமனை ஒரே கட்டமாகக் காண்பதை இன்னொன்று இரண்டாகக் காணும். வீடியோவைப் பார்த்துக் குறிக்கும் இரண்டு மருத்துவர்களே, ஒரு கட்டம் எந்த நொடியில் முடிந்தது என்பதில் வேறுபடுவார்கள். பொதுச் சொல்லகராதிகளை அமைக்கும் பணி அதனால்தான் தனி ஆராய்ச்சியாகவே நடக்கிறது.

அந்தப் பத்து வினைகளில் ஒன்று, வினையே இல்லை என்பது. கருவி திரையில் தெரிகிறது, எதையும் செய்யவில்லை. மருத்துவர் உதவியாளருக்காகக் காத்திருக்கலாம், கேமரா துடைக்கப்படுவதற்காக நின்றிருக்கலாம், எதிரில் இருப்பது எந்தக் குழாய் என்று யோசித்துக்கொண்டும் இருக்கலாம். அட்டவணையில் மூன்றுக்கும் ஒரே குறிதான்.