ஞாயிற்றுக்கிழமை விண்கலம்

"ரிட்டயர் ஆன மனுஷர், கோயில் குளம் என்று போகாமல் டிவியில் ராக்கெட் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்" என்று என் மனைவி சங்க விழாவில் பலரிடம் முறையிட்டிருக்கிறாள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். என் தரப்பையும் சற்றுக் கேளுங்கள்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, ரயில்வே வேலைக்காக நான் உல்லாஸ்நகர் வந்து நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் ராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது 1949ல் அடிக்கல் நாட்டிய ஊர் இது. எண்பதுகளின் நடுவில் எங்கள் வரிசையில் கலர் டிவி வைத்திருந்தவர் ஒரே ஒரு சிந்தி சேட்தான். ஞாயிறு காலை தூர்தர்ஷனில் 'ஸ்டார் டிரெக்' போடுவார்கள். மகனை மடியில் வைத்துக்கொண்டு சேட் வீட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். அவனுக்கு அப்போது மூன்று, நான்கு வயது. ஆங்கிலம் சேட்டுக்கும் அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஆனாலும் ஒருவரும் எழுந்து போனதில்லை.

அமெரிக்காவில் 1966 முதல் 1969 வரை ஓடிய தொடர் அது. மொத்தம் 79 எபிசோடுகள். இடையில் நிறுத்தப் பார்த்தார்கள். ரசிகர்கள் கடிதம் எழுதிக் குவித்ததால்தான் மூன்றாவது சீசன் வந்தது. பிறகு 1979ல் சினிமாவாக எடுத்தபோது, நம் பம்பாய்ப் பெண் பெர்சிஸ் கம்பாட்டா தலையை மொட்டையடித்துக்கொண்டு அதில் நடித்தார்.

எல்லோருக்கும் கேப்டன் கிர்க்கையும் ஸ்பாக்கையும் பிடிக்கும். எனக்குப் பிடித்தவர் இன்ஜின் அறையில் நிற்கும் ஸ்காட்டிதான். ரிப்பேருக்கு வேண்டிய நேரத்தை நான்கு மடங்காகச் சொல்லி, சீக்கிரம் முடித்து நல்ல பெயர் வாங்குகிறவர் அவர் என்று பின்னால் வந்த ஒரு படத்தில் குட்டு வெளிப்படும். அந்தக் காட்சியில் நான் சிரித்த சிரிப்பின் காரணம், என்னைப் போல மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவர்களுக்குத்தான் புரியும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2022 மே மாதம் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' என்ற புதுத் தொடர் ஆரம்பித்தது. கிர்க்குக்கு முன் அதே கலத்துக்குக் கேப்டனாக இருந்த பைக்கின் கதை. ஸ்பாக் இளைஞர், 2023ல் வந்த இரண்டாவது சீசனின் கடைசி எபிசோடில் ஸ்காட்டியும் இளைஞராக வந்து சேர்ந்தார். பழைய நண்பனின் வாலிபக் காலப் போட்டோவைப் பார்த்தது போல இருந்தது எனக்கு. அந்த ஆண்டு ஹாலிவுட்டில் நடந்த எழுத்தாளர், நடிகர் வேலைநிறுத்தத்தால் மூன்றாவது சீசன் 2025 ஜூலையில்தான் வந்தது. அதற்கு முந்தைய மாதமே அறிவித்துவிட்டார்கள்: ஐந்தாவது சீசனோடு தொடர் முடிகிறது. மற்ற சீசன்களுக்குப் பத்து எபிசோடு, கடைசிக்கு ஆறே ஆறு.

அதைப் படித்ததும் மனம் கனத்தது. காரணம் கதை மட்டுமல்ல. மகன் புனேயில் இருக்கிறான். வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. போன் செய்தால் "சாப்பிட்டாயா", "மாத்திரை போட்டீர்களா" என்பதோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். பிறகு போன் அம்மாவிடம் போய்விடும். இந்தத் தொடர் வந்த பிறகுதான் ஞாயிறு காலைகளில் அவனாகவே என்னைக் கூப்பிட ஆரம்பித்தான். பைக் செய்தது சரியா, அந்த இன்ஜின் அப்படி ஓடுமா என்று ஒரு மணி நேரம் வாதம் நடக்கும். ஆறு எபிசோடு முடிந்துவிட்டால் அந்த ஒரு மணி நேரம் என்னவாகும்?

பைக்குக்குத் தன் முடிவு முன்னமே தெரியும். ஒரு விபத்தில் உடல் முடங்கி நாற்காலியோடு கிடக்கப் போகிறோம் என்று தெரிந்தே தினமும் வேலைக்கு வருகிறார். ரயில்வேயில் சேர்ந்த அன்றே ஓய்வு பெறும் தேதி சர்வீஸ் புத்தகத்தைக் கொண்டு தெரிந்துவிடும். அதற்காக யாரும் அன்றைய இன்ஜினை அரைகுறையாகப் பார்த்து அனுப்புவதில்லை. இதை நினைத்து என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

போன மாதம் மனதைத் திறந்து மகனிடமே கேட்டுவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்பா, பைக் கதை முடிகிற இடத்தில்தானே சேட் மாமா வீட்டில் நாம் பார்த்த கதை ஆரம்பிக்கிறது? 79 இருக்கிறது. வாரம் ஒன்று பார்த்தாலும் ஒன்றரை வருஷம் ஓடும்" என்றான்.

சேட் இன்று இல்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு அவர் வீட்டுத் தரை நினைவிருக்கும் என்று நான் எண்ணவில்லை.

ஆகவே அன்பர்களே, ஞாயிறு காலையில் என் போன் என்கேஜ்டாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சங்க வேலைகளை மதியத்துக்கு மேல் பேசலாம்.