காய்ச்சல் விட்டது, இதயம் ஆறிவிட்டதா?

பேரையூர்ப் பக்கத்துக் கிராமங்களில் காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்கள் விடிவதற்கு முன்பே ரோட்டில் ஓடுவார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். காய்ச்சலில் படுத்தவன், எழுந்த மறுநாளே விட்ட ஓட்டத்தைப் பிடிக்கப் பார்ப்பான். வந்தது கொரோனா என்றால் அந்த அவசரம் ஆபத்து.

கொரோனாவை நுரையீரல் நோயாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்த வைரஸ் செல்லுக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2 என்ற புரதம் இதயத்திலும் உண்டு. ஆனால் வைரஸைவிட, அதை விரட்டக் கிளம்பும் நம் எதிர்ப்பு சக்தி செய்யும் சேதமே பெரும்பாலும் அதிகம். ஊர்க்காவலுக்குப் போனவன் வீட்டுக்காரனையும் சேர்த்து அடித்த கதைதான். இப்படி இதயத் தசை வீங்குவதை இதயத் தசை அழற்சி, அதாவது மயோகார்டைடிஸ், என்கிறார்கள். வீங்கிய தசை சரியாகச் சுருங்காது, துடிப்பும் தாறுமாறாகலாம். செத்த தசை செல்லுக்குப் பதில் புதியது முளைப்பது மிக அரிது. அங்கே தழும்புதான் மிஞ்சும்.

நெஞ்சுவலி, படபடப்பு, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது என்று இருந்தால் முதலில் ஈசிஜி. அதில் கோடுகள் மாரடைப்பு போலவே காட்டக்கூடும். தசை செல் உடைந்தால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் புரதமும் கூடியிருக்கும். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆஞ்சியோ செய்தால், இதய ரத்தக் குழாயில் அடைப்பே இருக்காது! அப்போதுதான் சந்தேகம் இந்தப் பக்கம் திரும்பும். எம்ஆர்ஐ ஸ்கேன் தசையின் வீக்கத்தையும் தழும்பையும் படமாகவே காட்டிவிடும்.

இது அடிக்கடி வருவதில்லை. 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கொரோனா நோயாளிகளில் லட்சத்துக்குச் சுமார் 150 பேருக்கும், கொரோனா இல்லாதவர்களில் 9 பேருக்கும் இது இருந்தது.

இந்த அழற்சிக்கும் இளைஞர்களின் திடீர் மரணங்களுக்கும் டீக்கடைகளில் பழி தடுப்பூசி மேல்தான் விழுகிறது. எம்ஆர்என்ஏ வகை ஊசிக்குப் பிறகு இளைஞர்கள் சிலருக்கு இந்த அழற்சி வந்தது உண்மை. நம் ஊரில் பெரும்பாலும் போட்டது கோவிஷீல்டும் கோவாக்சினும். அவை அந்த வகை அல்ல. 18 முதல் 45 வயதுக்காரர்களின் திடீர் மரணங்களை 47 மருத்துவமனைகளின் வழியே அலசிய இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023இல் வெளியானது. தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, முந்தைய 48 மணி நேரத்தில் அளவில்லாமல் குடித்தது, கடுமையாக உடலை வருத்தியது போன்றவையே கூட்டின.

இதயத் தசை அழற்சி பெரும்பாலோருக்கு ஆறிவிடுகிறது. மருந்தோடு ஓய்வும் வேண்டும்: ஓட்டம், கபடி, மூட்டை தூக்குதல் எல்லாவற்றுக்கும் பொதுவாக 3 முதல் 6 மாதம் வரை தடை. அதன் பிறகும் எக்கோ, 24 மணி நேரத் துடிப்பைப் பதியும் ஹோல்டர், ட்ரெட்மில் சோதனை பார்த்துத்தான் டாக்டர் மறுபடி ஓடச் சொல்வார்.