மகன்களை மீட்ட எண்ணெய்க் குடம்

கடன் தீர வேதாகமம் காட்டும் வழி

ஜவ்வாது மலையின் மேலே இருக்கிறது ஜமுனாமரத்தூர். திருவண்ணாமலை மாவட்டத்து மலை ஊர். போளூரில் பஸ் ஏறினால், வளைந்து வளைந்து ஏறி அங்கே கொண்டுபோய் விடும்.

சாமை, தேன், புளி, பலாப்பழம், சீதாப்பழம். இவைதான் அந்த மலையின் செல்வம். மலையாளிப் பழங்குடி மக்கள் காட்டையும் மேட்டு நிலத்தையும் நம்பி வாழ்கிறார்கள்.

புளி உலுக்கும் காலத்தில் கையில் காசு இருக்கும். சாமை அறுத்தால் பானையில் தானியம் இருக்கும். ஆனால் வருமானம் வருவது சில மாதம். செலவு வருவதோ பன்னிரண்டு மாதம்! குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அறுவடை வரை காத்திருக்குமா?

கையில் காசு இல்லாத மாதத்தில் கடன் வீட்டுக்குள் வருகிறது. மலை மக்களில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர்தான். ஆனால் கடன் மதம் பார்த்து வருவதில்லை.

முன்பணம் என்னும் வலை

கடனில் கொடியது ஒன்று உண்டு. அதன் பெயர் முன்பணம்.

"இந்தப் பணத்தை வைத்துக்கொள். பையனை வேலைக்கு அனுப்பு" என்பார் தரகர். எங்கே வேலை, என்ன வேலை என்று சரியாகத் தெரியாது. பணம் செலவாகிவிடும். பையன் போய்விடுவான்.

2015-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. ஆந்திராவில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அவர்களில் ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஒவ்வொருவரும் எதற்காகப் போனார்கள் என்பது அந்தந்த வீட்டுக்குத்தான் தெரியும். ஆனால் வீட்டில் வறுமை இருந்தால் தரகரின் வேலை சுலபம். இது எல்லாருக்கும் தெரியும்.

கடன் பணத்தை மட்டும் கேட்பதில்லை. சில வேளை மகனையே கேட்கிறது!

ஒரு விதவையின் கதை

இது இன்று நேற்று வந்த துன்பம் அல்ல. வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டில் இதே துன்பம் இருக்கிறது.

ஒரு பெண். கணவன் கடவுளுக்குப் பயந்தவன். ஆனால் கடனை வைத்துவிட்டு இறந்துபோனான். கடன் கொடுத்தவன் வந்தான். அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாகக் கொண்டுபோக நின்றான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் ஓடினாள்.

எலிசா என்ன கேட்டார்? "உன் கடன் எவ்வளவு?" என்று கேட்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் மட்டும் இருந்தது. அக்கம்பக்கத்தாரிடம் காலிப் பாத்திரங்களை இரவல் வாங்கி, அவற்றில் எண்ணெயை வார்க்கச் சொன்னார். பாத்திரங்கள் எல்லாம் நிறைந்தன.

பிறகு அவர் சொன்னதுதான் முக்கியம். எண்ணெயை விற்க வேண்டும். முதலில் கடனை அடைக்க வேண்டும். மிச்சத்தில் அவளும் பிள்ளைகளும் வாழ வேண்டும்.

எண்ணெய் பெருகியது கடவுளின் செயல். ஆனால் விற்றதும், கடனைக் கட்டியதும் அந்தப் பெண்ணின் செயல். "காணிக்கை போட்டேன், கடன் தானாகத் தீர்ந்துவிடும்" என்று உட்கார்ந்திருக்க இந்தக் கதையில் இடமே இல்லை.

வட்டியின் கணக்கு

நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வட்டி. கேட்கும்போது சின்னத் தொகைதான். 5,000 ரூபாய் வாங்கினால் மாத வட்டி 250. ஓர் ஆண்டுக்கு 3,000. இருபது மாதத்தில் வாங்கிய பணம் முழுவதும் வட்டியாகவே போய்விடும். அசல் 5,000 அப்படியே நிற்கும்!

அதனால்தான் விதவை முதலில் கடனை அடைத்தாள். புளி விற்ற பணம் வந்ததும் முதலில் போகவேண்டிய இடம் துணிக்கடை அல்ல. வட்டி அதிகமான கடன் எதுவோ, அங்கே போகவேண்டும்.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசுநாதர் கேட்டார். மகள் கல்யாணத்துக்கும் அதே கேள்விதான். ஊரே மெச்சும் பந்தி ஒரு நாள். அதன் கடன் பத்து வருஷம்!

காணிக்கை எவ்வளவு?

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்கு என்று எடுத்துவைப்பது கிறிஸ்தவக் குடும்பங்கள் பலவற்றில் வழக்கம். தசமபாகம் என்பார்கள். ஆனால் இல்லாததைக் கொடுக்கும்படி யாரும் கேட்கவில்லை. அவரவருக்கு உள்ளதற்குத் தக்கபடி மனதாரக் கொடுத்தால் போதும் என்று பவுல் அப்போஸ்தலர் எழுதினார். கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பது பக்தி ஆகாது.

பணமே இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. அதுதான் பிடி அரிசி. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பது. மிசோரத்தில் மலைவாழ் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதல் இதைச் செய்து வருகிறார்கள். அந்தச் சின்னப் பிடி இன்று ஆண்டுக்குக் கோடிக்கணக்கான ரூபாயாகிச் சபைப் பணிகளை நடத்துகிறது. தமிழ்நாட்டில் காஞ்சிப் பெரியவரும் ஏழைகளுக்காகப் பிடி அரிசித் திட்டத்தைச் சொன்னார். நல்ல வழக்கத்துக்கு மதவேலி கிடையாது.

ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரு வேளைக்கு 100 கிராம். மாதம் 3 கிலோ! கோவிலுக்கு ஒரு பானை வைப்பது போல, பஞ்ச மாதத்துக்கு என்று இன்னொரு பானை வைத்தால் என்ன? எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான வருஷத்தில் செய்ததும் இதுதானே!

சேலத்துக்காரர் செய்த காரியம்

தனி வீட்டின் சிக்கனம் மட்டும் போதுமா? போதாது என்று கண்டவர் கே.டி. பால். சேலத்தில் 1876-ல் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் இந்தியப் பொதுச் செயலாளர் பதவிக்கு 1916-ல் வந்த முதல் இந்தியர். 1930-ல் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்கும் போனார்.

கிராமம் கிராமமாகச் சுற்றிய அவர், ஏழையின் கழுத்தில் கடன் என்ற கயிறு இருப்பதைக் கண்டார். உபதேசம் மட்டும் கயிற்றை அறுக்காது என்று உணர்ந்தார். கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்த்தார். அவற்றுக்குப் பணம் கொடுக்கச் சென்னையில் கிறிஸ்தவ மத்தியக் கூட்டுறவு பாங்கியும் ஏற்பட்டது. 1931-ல் அவர் மறைந்தார்.

இந்த முறைக்கு வழி காட்டியவர் ஜெர்மனியில் ஒரு சிற்றூர் மேயர். பெயர் ரைபைசன். கிறிஸ்தவ பக்தி மிகுந்தவர். தர்மம் கொடுத்து ஏழ்மையை ஒழிக்க முடியாது என்று அனுபவத்தில் கண்டார். 1864-ல் கடன் சங்கம் தொடங்கினார். ஒருவர் வாங்கும் கடனுக்குச் சங்க உறுப்பினர் எல்லாரும் பொறுப்பு. அயலானை நேசிப்பது என்ற உபதேசம் அங்கே கணக்குப் புத்தகத்தில் ஏறியது! இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது 1904-ல்.

விதவைக்கு அயலார் கொடுத்தது என்ன? பணம் அல்ல, காலிப் பாத்திரம்! பாத்திரம் இல்லாவிட்டால் எண்ணெய் எங்கே நிற்கும்? இன்று சங்கமும் மகளிர் சுய உதவிக் குழுவும்தான் அந்தப் பாத்திரங்கள். ஜமுனாமரத்தூரிலும் பழங்குடியினருக்கான கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. "லேம்ப்" சங்கம் என்பார்கள்.

நாலு வரி நோட்டு

வீட்டுக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டும் நாலு வரியும் போதும்.

வந்தது எவ்வளவு? கடவுளுக்கும் ஏழைக்கும் எவ்வளவு? கடனுக்கு எவ்வளவு? சேமிப்புக்கு எவ்வளவு? மிச்சம்தான் செலவுக்கு. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து பார்க்கட்டும். ஒளித்து வைத்த கடன்தான் குடும்பத்தைப் பிரிக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். முன்பணத்துக்காக ஆளைப் பிடித்து வைத்து வேலை வாங்குவது குற்றம். 1976-ம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. கலெக்டரிடம் புகார் செய்யலாம்.

அந்த விதவையின் வீட்டில் கடைசியில் என்ன மிஞ்சியது? எண்ணெய் விற்ற காசு கொஞ்சம். அதைவிடப் பெரிய செல்வம் ஒன்றும் மிஞ்சியது. இரண்டு மகன்களும் வீட்டிலேயே இருந்தார்கள்!