லினக்ஸ் கணினிக்குப் புளூடூத் அடாப்டர்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை என்ன?

கோலார் தங்கவயல்: விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய மேசைக் கணினிகளுக்கு உபுண்டு, டெபியன், சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற கட்டணமில்லா லினக்ஸ் இயங்குதளங்கள் மாற்றாக உள்ளன. ஆனால், இத்தகைய கணினிகள் பலவற்றில் புளூடூத் வசதி இல்லை. கம்பியில்லா ஹெட்போனை இணைக்கத் தனி அடாப்டர் தேவைப்படுகிறது.

கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர், வேலைக்காக ரயிலில் நாள்தோறும் பெங்களூரு சென்று திரும்புவோர் ஏராளம். வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்பைத் தேடும் ஒருவருக்கு, இணையவழி நேர்காணலில் தமது குரல் தெளிவாகக் கேட்பது முக்கியம். எனவே, அடாப்டரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

இரண்டு வகைகள்

முதலாவது, சாதாரண யுஎஸ்பி புளூடூத் அடாப்டர். இதை இயக்கும் 'புளூஸ்' மென்பொருள் 2001ஆம் ஆண்டு முதல் லினக்ஸின் அங்கமாக உள்ளது. இதில் நிறுவனத்தின் பெயரைவிட உள்ளே இருக்கும் சிப்பே முக்கியம். ரியல்டெக் போன்ற சிப்களுக்குத் தனி ஃபர்ம்வேர் கோப்பு தேவை. புதிய சிப்பைப் பழைய கெர்னல் அடையாளம் காணாமல் போகலாம். ஒரே மாடல் பெயரில் வெவ்வேறு சிப்கள் விற்பனைக்கு வருவதும் உண்டு. சிஎஸ்ஆர் சிப்பின் போலிகளும் சந்தையில் உள்ளன.

இரண்டாவது, ஒலியை மட்டும் அனுப்பும் யுஎஸ்பி டிரான்ஸ்மிட்டர். இதனைக் கணினி ஓர் ஒலி அட்டையாகவே கருதுவதால், புளூடூத் டிரைவர் தேவையில்லை. ஹெட்போனுடன் இணைக்கும் பணியைக் கருவியே செய்துகொள்ளும். எனினும், விலை சற்று அதிகம். கீபோர்டு, மவுஸ் ஆகியவற்றை இதன்மூலம் இணைக்க இயலாது.

மைக் இயங்கினால் ஒலித்தரம் குறைவது ஏன்?

வழக்கமான புளூடூத் முறையில், பாடல் கேட்பதற்கான ஏ2டிபி இணைப்பு ஸ்டீரியோ ஒலியை ஒருவழியாக மட்டுமே அனுப்புகிறது. ஹெட்போனின் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும், இணைப்பு தொலைபேசி அழைப்புக்கான முறைக்கு மாறி, ஒலித்தரம் குறைகிறது. இது லினக்ஸின் குறைபாடு அன்று. அடாப்டரை மாற்றுவதால் மட்டும் தீராது. ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேசுவதற்குக் கம்பி மைக் ஒன்றைப் பயன்படுத்துவது எளிய தீர்வாகும். எல்இ ஆடியோ என்ற புதிய முறை இக்குறையைப் போக்க வல்லது. ஆனால், அடாப்டர், ஹெட்போன், மென்பொருள் ஆகிய மூன்றும் அதை ஆதரிக்க வேண்டும்.

பொருத்தும் இடம்

யுஎஸ்பி 3.0 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை உண்டாக்கக்கூடும். புளூடூத்தும் அதே அலைவரிசையில் இயங்குவதால் ஒலி விட்டுவிட்டுக் கேட்கலாம். அடாப்டரை யுஎஸ்பி 2.0 துளையில் செருகுவதோ, சிறிய நீட்டிப்புக் கம்பியின் மூலம் கணினியிலிருந்து தள்ளி வைப்பதோ பலன் தரும்.

வாங்கும் முன், சிப்பின் பெயரையும் அதை ஆதரிக்கும் கெர்னல் பதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. திருப்பித் தரும் வசதி உள்ள கடையில் வாங்குவது பாதுகாப்பானது. லினக்ஸை நிறுவாமலே பென்டிரைவில் இருந்து இயக்கி, அடாப்டரைச் சோதிக்கவும் முடியும். நேர்காணலுக்கு மட்டுமே தேவையெனில், மைக் உள்ள கம்பி ஹெட்போனே போதுமானது என்பது குறிப்பிடத்தக்கது.