குளிர்காலமும் கிளிசரினும்

குளிர் தேசத்தில் குடியேறிய நம் குடும்பங்களில் நவம்பர் பிறந்துவிட்டால் ஒரு குறை தவறாமல் எழும். குழந்தைகளின் கன்னம் சொரசொரக்கும். பெரியவர்களின் கால்களில் வெள்ளை பூக்கும். அரிப்பினால் இரவுத் தூக்கம் கெடும். உடனே கிளிசரின் பாட்டிலை எடுத்து அப்படியே தடவுகிறோம். பல சமயம் எரிச்சலும் பிசுபிசுப்பும்தான் மிச்சம். குறை கிளிசரினில் இல்லை, தடவும் முறையில்தான் இருக்கிறது.

கிளிசரின் எண்ணெயில் பிறந்தது. ஆனால் எண்ணெய் அல்ல. எங்கள் பாலசமுத்திரம் இருக்கும் சித்தூர் வட்டாரத்தின் மானாவாரி நிலங்களில் நிலக்கடலை முக்கியமான பயிர். அந்தக் கடலை எண்ணெய் 100 கிலோவைக் காரம் சேர்த்துச் சோப்பாக்கினால், சுமார் 10 கிலோ கிளிசரின் தனியே பிரியும். 1779-ல் ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே, ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்ஸைடுடன் காய்ச்சியபோது இந்த இனிப்பான திரவத்தைக் கண்டார். எண்ணெய் தண்ணீரோடு சேராது. கிளிசரினோ எந்த அளவிலும் தண்ணீரோடு கலக்கும்; கலந்த நீரை எளிதில் விடாது. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக்கூட இழுத்துக்கொள்ளும்.

இனி நம் வீட்டுக் காற்றைக் கணக்குப் பார்ப்போம். 0 டிகிரி குளிரில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 5 கிராம் நீராவியைத்தான் தாங்கும். அதே காற்றை ஹீட்டர் 22 டிகிரிக்குச் சூடாக்கினால், 19 கிராம் வரை தாங்கும் சக்தி வந்துவிடும். இருப்பதோ அதே 5 கிராம். ஆகவே வீட்டினுள் ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. தாகமெடுத்த அந்தக் காற்று நம் தோலிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. இந்த நிலையில் வறண்ட தோலின்மீது கிளிசரினை நீரில் கலக்காமல் தடவினால், அதற்கு வேண்டிய நீர் காற்றில் கிடைக்காது. தோலிடமிருந்தே எடுக்கப் பார்க்கும்.

கிளிசரின் நம் தோலுக்கு அந்நியப் பொருளும் அல்ல. தோலின் செல்களில் நீரையும் கிளிசரினையும் கடத்தும் அக்வாபோரின்-3 என்ற புரதம் உண்டு. இந்தப் புரதம் இல்லாத எலிகளின் தோல் வறண்டிருந்ததையும், கிளிசரின் கொடுத்தபோது அது சீரானதையும் 2003-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே முறை இதுதான். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, உடம்பைத் துண்டால் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே, ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று பங்கு காய்ச்சி ஆறிய நீர் அல்லது பன்னீர் கலந்து தடவுங்கள். அதன்மேல் மூடி போட்டதுபோல் சிறிது தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். கிளிசரின் நீரைப் பிடித்துக்கொள்ளும்; எண்ணெய் அதை ஆவியாக விடாது. கலவையை அவ்வப்போது சிறிதளவே செய்யுங்கள். நீர் கலந்தது நாளாக ஆகக் கெடும். கடையில் லோஷன் வாங்கினால் லேபிளைப் பாருங்கள். அளவில் அதிகமான பொருள்தான் முதலில் எழுதப்பட்டிருக்கும். தண்ணீரை அடுத்துக் கிளிசரின் இருந்தால் நல்லது. வெடித்து ரத்தம் கசியும் தோலுக்கு இவை போதாது. டாக்டரிடம் காட்ட வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. அழுத்தமானிகளில் முள் நடுங்காமலிருக்க நிரப்புவதும் கிளிசரின்தான். ஆனால் தொழிற்சாலைச் சரக்கு வேறு, மருந்துத் தரம் வேறு. 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த கிளிசரின் கொடுக்கப்பட்டு 14 நோயாளிகள் இறந்தனர். இந்த நச்சும் நிறமற்றது, இனிப்பானது. கண்ணாலும் நாக்காலும் வேறுபாடு தெரியாது. எனவே மருந்துத் தரம் என்று அச்சிட்ட, முத்திரை உடையாத பாட்டிலையே வாங்குங்கள். தோலுக்கு வாங்கியதைத் தொண்டைக் கட்டுக்கென்று குழந்தையின் வாயில் விடவே விடாதீர்கள்.