வீட்டுக்கு அனுப்பும் பணமும் சொந்தச் சேமிப்பும்: கணக்கு எங்கே இடிக்கிறது?

"ஏம்பா, ஒரு பத்து ரூபா இருந்தா போட்டு வுடேன். ஆனி மாசத்துல குடுத்துடறேன்."

சம்பளம் வந்த மூன்றாம் நாள் சித்தப்பாவிடமிருந்து இப்படி ஒரு போன் வந்தால், செங்கல்பட்டு மாவட்டத்தில் யாரும் அதைப் பத்து ரூபாய் என்று எடுத்துக்கொள்வதில்லை. பத்தாயிரம். முடியாது என்று சொல்ல வாய் வராது. கொடுத்த பிறகு திருப்பிக் கேட்கவும் வாய் வராது.

2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டத்தில் சிறுசேரி சிப்காட், மறைமலைநகர், மஹிந்திரா வேர்ல்டு சிட்டி என மாதச் சம்பளம் தரும் இடங்கள் நிறைய. அங்கிருந்து வண்டியில் கொஞ்ச நேரம் போனால் மாமல்லபுரத்தின் சிற்பப் பட்டறைகளும் கடலோர மீனவர் குப்பங்களும். அதனால் ஒரே வீட்டில் இரண்டு விதமான வருமானம் இருக்கிறது. ஒருவருக்கு மாதக் கடைசியில் தவறாமல் மெசேஜ் வரும். மற்றவர்களுக்குக் கடலைப் பொறுத்து, ஆர்டரைப் பொறுத்து.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. சிறுசேரியில் வேலை பார்க்கும் 27 வயதுக்காரர் ஒருவருக்குக் கைக்கு வருவது 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 15,000. அறை வாடகையில் பங்கு, சாப்பாடு எல்லாம் சேர்த்து 14,000. பைக் தவணை, பெட்ரோல் 7,000. தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு 4,000. மிச்சம் 5,000. சித்தப்பா கேட்ட "பத்து ரூபா" இவருடைய இரண்டு மாதச் சேமிப்பு. அவருக்கு அது தெரியாது, யாரும் சொன்னதில்லை.

கடலுக்குத் தனி காலண்டர்

இந்தக் கேள்விகள் ஏன் சில மாதங்களில் மட்டும் வரிசைகட்டி வருகின்றன? தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகும் வீடுகளில் அந்த இரண்டு மாதமும் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு, 61 நாளுக்கு. தடை முடிவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஏறக்குறைய ஒரே நேரம். பிறகு ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயலும் வந்தால் மறுபடி கரையில் உட்கார வேண்டியதுதான்.

சிற்பிகளின் நிலைமை வேறு மாதிரி. மாமல்லபுரம் கற்சிற்பத்துக்கு 2017-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் சிலைக்கு முன்பணம் வாங்கினால், மீதி சிலை முடிந்து லாரியில் ஏறும்போதுதான். நடுவில் உள்ள மாதங்களுக்கு மாதச் சம்பளக்காரர்தான் வங்கி.

ஆக, மாதாமாதம் ஒரே தொகை அனுப்புவது சுலபமே தவிர, வீட்டின் தேவையோடு பொருந்துவதில்லை. மேலே சொன்ன உதாரணத்தில் 15,000-க்குப் பதில் 12,500 மட்டும் வீட்டுக்குப் போகட்டும். மீதி 2,500 ஜூலை முதல் மார்ச் வரை தொடர் வைப்பில், அதாவது ஆர்.டி.யில் விழட்டும். ஒன்பது மாதத்தில் 22,500 ரூபாய், வட்டி தனி. ஏப்ரலில் அது வீட்டுக்குப் போகும். அனுப்பும் பணம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் கந்துவட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வரும் மாதத்தில் கையில் பணம் இருக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: இதை அம்மாவிடம் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். சொல்லாமல் குறைத்தால், "பையன் மாறிட்டான்" என்ற பேச்சு பொங்கலுக்குள் ஊர் முழுக்கப் போய்விடும்.

சட்டம் யாரைச் சொல்கிறது?

பெற்றோரைப் பார்த்துக்கொள்வது சட்டப்படியும் கடமை. 2007-ம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தங்களைத் தாங்களே பராமரித்துக்கொள்ள முடியாத பெற்றோர் கோட்ட அளவிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர அந்தச் சட்டம் வழி செய்கிறது. மகனுக்கு மட்டும் இல்லை, மகளுக்கும் இது பொருந்தும். திருமணமான மகளுக்கும் பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. "அவ வேற வீட்டுக்குப் போனவ" என்ற வாதம் சட்டத்தில் எடுபடாது.

தம்பி, தங்கை, சித்தப்பா, மாமா யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. ஒரே ஒரு விதிவிலக்கு. பிள்ளை இல்லாத பெரியப்பாவின் சொத்து உங்களுக்கு வரப்போகிறது, அல்லது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது என்றால், அவரைப் பராமரிக்கும் பொறுப்பும் சேர்ந்தே வரும்.

சட்டம் இல்லை என்பதற்காக யாரும் தங்கையின் படிப்பைப் பாதியில் விடப்போவதில்லை. கட்டாயம் எது, விருப்பம் எது என்று தெரிந்தால் கொடுக்கும்போது மனசு தெளிவாக இருக்கும், அவ்வளவுதான்.

கடனா, கொடையா?

கல்யாணத்தில் ஐந்நூறு ரூபாய் மொய் எழுதினாலும் பெயர், ஊர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும். பத்து வருஷம் கழித்தும் எடுத்துப் பார்ப்பார்கள். ஐம்பதாயிரம் கைமாற்று மட்டும் எந்த நோட்டிலும் இருக்காது. கொடுத்தவர் கடன் என்று நினைப்பார், வாங்கியவர் உதவி என்று நினைப்பார். மூன்று வருடம் கழித்து ஒரு காதுகுத்து விழாவில் வெடிக்கும்.

இதில் வரிச் சிக்கல் ஒன்றும் ஒளிந்திருக்கிறது. சித்தப்பா உங்களுக்கு எவ்வளவு பணம் பரிசாகக் கொடுத்தாலும் வரி இல்லை. ஏனென்றால் வருமான வரிச் சட்டத்தில் வாங்குபவருக்கு அப்பாவின் உடன்பிறந்தவர் 'உறவினர்'. நீங்கள் சித்தப்பாவுக்குக் கொடுத்தால் கதை மாறுகிறது. அண்ணன் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. ஒரே நிதியாண்டில் அப்படி அவர் பெறும் பரிசுப் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்காகும். பெரியப்பா மகன், மாமன் மகள் என்றாலும் இதே கதைதான். கடனாகக் கொடுத்தால் இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. வங்கி வழியாக அனுப்பி, "கடன்" என்று குறிப்பில் எழுதி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டுவிடுவது இரண்டு பேருக்கும் நல்லது.

பணமே கொடுக்காமல் மாட்டிக்கொள்ளும் வழியும் உண்டு, ஜாமீன் கையெழுத்து. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி, கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. மச்சானின் வண்டிக் கடன் தவணை தவறினால், நாளை உங்கள் வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் அது வந்து நிற்கலாம்.

எதில் கை வைக்கக் கூடாது?

அவசரம் என்றால் பலரும் முதலில் போகும் இடம் பி.எஃப். அந்தத் திட்டத்தின் விதிகளே நம் குடும்ப அமைப்பைத் தெரிந்துதான் எழுதப்பட்டிருக்கின்றன. சொந்தத் திருமணம், பிள்ளைகள் திருமணத்தோடு உடன்பிறந்தவர் திருமணத்துக்கும் முன்பணம் எடுக்க அதில் இடம் உண்டு. முன்பு இதற்கு ஏழு வருட உறுப்பினர் காலம் தேவைப்பட்டது. 2025 அக்டோபரில் வாரியத்தின் மத்திய அறங்காவலர் குழு, 12 மாதப் பணிக்காலம் போதும், ஆனால் 25 சதவீதம் கணக்கிலேயே இருக்க வேண்டும் என்று விதிகளைத் தளர்த்த முடிவெடுத்தது. எடுப்பது சுலபமாகிறது, ஆபத்தும் அங்கேதான். 28 வயதில் தங்கை கல்யாணத்துக்கு எடுக்கும் 2 லட்சம், 8.25 சதவீத வட்டி அப்படியே தொடர்ந்தால், 58 வயதில் சுமார் 21 லட்சமாக ஆகியிருக்க வேண்டிய பணம்.

சம்பளம் நின்றால் என்ன ஆகும் என்பதை மறைமலைநகர் ஏற்கெனவே பார்த்துவிட்டது. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. 2022 ஜூலையில் அங்கிருந்து கடைசிக் கார் வெளியே வந்தது. குஜராத்தின் சனந்த் ஆலையையும் சேர்த்து சுமார் 4,000 ஊழியர்களுக்குப் பாதிப்பு. அப்படி ஒரு சம்பளம் நிற்கும்போது தங்கையின் கட்டணம், அப்பாவின் மருந்து, சித்தப்பாவின் மேஸ்திரிக் கூலி எல்லாம் ஒரே நாளில் நிற்கும். ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வைப்பதைச் சுயநலம் என்று நினைக்கும் வீடுகளில் இந்தக் கோணத்தில் பேசிப் பார்க்கலாம்.

அடுத்து, மருத்துவம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். ஆனால் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே ரேஷன் கார்டில் ஐ.டி. சம்பளம் இருந்தால் கதவு அடைபடலாம். அப்போது பெற்றோருக்குத் தனியார் காப்பீடுதான் வழி. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வருவதற்கு முன்பே எடுத்தால் நல்லது. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

சம்பள உயர்வை வீட்டில் சொல்லாமல் மறைத்து, ரகசியமாகச் சீட்டுக் கட்டுபவர்களும் இருக்கிறார்கள். இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. கென்ய கிராமங்களில் பொருளியல் ஆய்வாளர்கள் பமேலா ஜகியேலாவும் ஓவன் ஓசியரும் நடத்திய சோதனை 2016-ல் வெளியானது. உறவினர்கள் பக்கத்தில் இருக்கும்போது, தங்களிடம் உள்ள பணம் வெளியே தெரியாமல் இருப்பதற்காகப் பெண்கள் குறைந்த லாபம் தரும் வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். மறைப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் இப்படி உறவுக்குப் போகும் பணத்தை 'பிளாக் டாக்ஸ்' என்கிறார்கள். வரி என்றால் விகிதம் தெரியும். அதே மாதிரி வருட ஆரம்பத்திலேயே "உறவுக்கு இவ்வளவு" என்று ஒரு தொகையை முடிவு செய்துவிட்டால், போன் வரும்போது தடுமாற வேண்டியதில்லை.

"சித்தப்பா, பத்து இப்ப முடியாது. மூணு அனுப்பறேன், அத நீங்க திருப்பித் தர வேணாம். மேல வேணும்னா ஜூலைல பேசலாம், ஆனா அது கடன். எழுதி வெச்சுக்கலாம்."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு, "சரிப்பா, அம்மா எப்படி இருக்கு?" என்று கேட்பார்.