விங் ஃபாயிலிங்: அலை இல்லாத கடல் பாதுகாப்பானதா?

கையில் காற்றடைத்த இறக்கை, காலடியில் பலகை, அதற்குக் கீழே தண்ணீருக்குள் ஃபாயில். இதுதான் விங் ஃபாயிலிங். இதுக்கு எந்தக் கடற்கரை சரி?

ராமேஸ்வரத்தையே எடுத்துக்கோங்க. தெற்கே மன்னார் வளைகுடா, ‘ஆண் கடல்’. வடக்கே பாக் விரிகுடா, ‘பெண் கடல்’. தென்மேற்குக் காற்று வீசும்போது தென்கரையில் அலையடிக்கும். தீவே மறைப்பதால் வடகரை குளம் மாதிரி இருக்கும். வாடைக் காற்றில் இது தலைகீழ்.

ஆனா உஷார்! அலை இல்லாத அந்தப் பக்கம்தான் காற்று உங்களை நடுக்கடலுக்குத் தள்ளும். காற்று நின்றால் கரை திரும்புவது கஷ்டம்.

என்ன பார்க்கணும்?

* காற்று கரைக்கு இணையாகவோ, சாய்வாகக் கரையை நோக்கியோ வீசணும்.
* அலையைத் தடுக்க நிலமுனையோ, மணல்திட்டோ இருக்கணும்.
* ஃபாயில் தரைதட்டாத ஆழம் வேணும். குறைந்தது இடுப்பளவு.
* வலை எங்கே கிடக்குதுன்னு மீனவர்களிடம் கேட்டுட்டு இறங்குங்க.